டவர் வந்துவிட்டது, இன்னும் ஏன் கவுன்டர்?

கேள்வி, ஜூன் 2, 2025

எந்த நாட்டை எடுத்தாலும் இதுதான் நிலைமை. டவர் வந்துவிட்டது, விலை குறைந்த போன் வந்துவிட்டது, அரசு சேவைகள் ஆன்லைனில் வந்துவிட்டன. அப்புறம் எதற்குக் கவுன்டர், காகித விண்ணப்பம், அதற்கென்று ஊழியர்கள்? அந்தச் செலவை ஃபைபரிலும் டேட்டா சென்டரிலும் போட்டால் நாடு வேகமாக முன்னேறும். டிஜிட்டல் இடைவெளி என்பது தலைமுறைப் பிரச்சினை, தானாக மூடிக்கொள்ளும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 2, இரவு

இருக்கிறது.

டவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. செல்பேசி நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, மொபைல் இணைய சிக்னலே எட்டாத இடங்களில் வாழ்பவர்கள் உலக மக்களில் 4 சதவீதம், சுமார் 35 கோடிப் பேர். அதே கணக்கில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். சிக்னல் எட்டும் இடத்தில் இருந்தும் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் 310 கோடிப் பேர். கவுன்டரை மூடி மிச்சம் பிடிக்கும் பணத்தை முழுக்க ஃபைபரில் கொட்டினாலும் அந்த 35 கோடிப் பேருக்குத்தான் பலன். மீதிப் பேருக்கு என்ன வழி?

என் வாதம் இதுதான்: அந்த 310 கோடிப் பேரை உள்ளே கொண்டுவரக் கேபிள் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, சம்பளம் வாங்கும் ஒரு ஆள் வேண்டும். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை வைப்பதும் அந்த ஆளின் சம்பளத்தில்தான்.

ஜூன் 3

தலைமுறைப் பிரச்சினை என்ற பகுதிக்கு நேற்று பதில் எழுதவில்லை. ஐ.நா.வின் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024க்குத் தந்த எண்களைப் பாருங்கள். 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 79 சதவீதம் பேர் இணையத்தில் இருக்கிறார்கள். மற்ற வயதினரில் 66. வித்தியாசம் 13 புள்ளி. வயதை விட்டுவிட்டு வருமானத்தைப் பார்த்தால், பணக்கார நாடுகளில் 93 சதவீதம், மிக ஏழை நாடுகளில் 27. வித்தியாசம் 66 புள்ளி. நகரத்தில் 83, கிராமத்தில் 48. இணையத்தில் இல்லாத 260 கோடிப் பேரில் 180 கோடிப் பேர் கிராமத்தில் இருப்பவர்கள்.

வயது ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். முதியவர்கள் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தால், ஏழைக் குழந்தைகள் வளர்ந்து அதே இடத்தில் வந்து நிற்பார்கள். 2020இல் யுனிசெஃப்பும் மேற்சொன்ன ஒன்றியமும் சேர்ந்து எடுத்த கணக்கில், 3 முதல் 17 வயது வரையிலான குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 கோடிக் குழந்தைகளுக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லை. பள்ளிகள் பூட்டிக் கிடந்த வருடம் அது.

மிகவும் பின்தங்கிய நாடுகளில் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் இணையம் 2020க்குள் கிடைக்கப் பாடுபடுவோம் என்று நீடித்த வளர்ச்சி இலக்குகளில் உலக நாடுகள் எழுதி ஏற்றுக்கொண்டன. 2020 போய் ஐந்து வருடமாகிறது.

ஜூன் 5

நான் இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு நூலகத்தின் உதவி மேசையில் தன்னார்வலராக உட்காருகிறேன். ஆன்லைன் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அங்கே வருவார்கள். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓய்வூதியப் படிவத்தோடு ஒரு பெரியவர் வந்தார். படிக்கத் தெரிந்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்துப் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் நிரப்பினார். அப்புறம் ஓ.டி.பி. படிவமும் அதே போனில், குறுஞ்செய்தியும் அதே போனில். செய்தி திரையின் மேல்பக்கம் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்தது. படிவத்தை விட்டு வெளியே வந்தார், செய்திப் பெட்டியைத் திறந்தார், விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்தார், ஆறு இலக்கத்தையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். திரும்பிப் போனால், நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் தொடங்கவும் என்று பக்கம் சொல்கிறது. நிரப்பியதெல்லாம் போய்விட்டது. மறுபடி பெயரிலிருந்து. இரண்டாவது முறையும் அப்படியே ஆனபோது என்னைப் பார்த்து, "நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்றார்.

அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு டபிள்யூ3சி அமைப்பு வகுத்த விதிகள் இருக்கின்றன. நேர வரம்பு வைத்தால் அதை நிறுத்தவோ கூட்டவோ வழி தர வேண்டும், அல்லது முடியும் முன்பே எச்சரித்து, ஒரே பொத்தானை அழுத்தி நீட்டிக்கக் குறைந்தது 20 நொடியாவது கொடுக்க வேண்டும் என்று 2008இலேயே எழுதிவிட்டார்கள். பாதுகாப்புக்காகக் கண்டிப்பான வரம்பு தேவைப்படும் இடங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரப்பியதைச் சேமித்து வைப்பதற்கு அது தடையே இல்லை.

ஜூன் 5, பின்னிரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். ஓ.டி.பி. வந்தால் நேரம்தான் பிரச்சினை. வராமலே போகிறவர்களின் பாடு வேறு. ஒரு அம்மாவின் பெயரில் இருக்கும் கணக்குக்கு மகனின் எண் கொடுக்கப்பட்டிருந்தது. மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான், பணி நேரத்தில் போனைத் தொட அனுமதி இல்லை. அந்த அம்மா மேசையில் உட்கார்ந்து அவன் இடைவேளைக்காகக் காத்திருந்தார். அவருடைய பணம், அவருடைய அடையாளம், ஆனால் சாவி இன்னொருவர் சட்டைப் பையில். வீட்டில் ஒரே ஒரு போன் என்றால் அது பெரும்பாலும் ஆண் கையில்தான். ஒரு எண், ஒரு ஆள் என்று நினைத்துத்தான் இந்த அமைப்புகளைக் கட்டுகிறார்கள்.

ஓ.டி.பி.க்குப் பதில் கைரேகை வைத்தால் என்ன என்று கேட்டவருக்கு: செங்கல்லும் சிமெண்டும் தூக்கியவர்களின் ரேகை தேய்ந்து போயிருக்கும், வயதானாலும் தேயும். கருவி அவர்களை நம்பாதபோது நம்புவதற்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி நான் அங்கேயேதான் வருகிறேன்.

ஜூன் 8

"குறை சொல்வது எளிது, சாதித்த நாடு ஒன்றைக் காட்டுங்கள்" என்ற சவாலுக்கு. டிஜிட்டலால் வளர்ச்சி வராது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வரும், வந்திருக்கிறது.

கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசாவைத் தொடங்கியது. இணையம் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். பட்டன் போனில் சிம் கார்டு மெனு வழியாகப் பணம் அனுப்பலாம். வங்கிப் பக்கமே போகாதவர்கள் அதில் நுழைந்தார்கள். தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல வருடம் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், எம்-பெசா 1,94,000 குடும்பங்களை வறுமையிலிருந்து மேலே தூக்கியது என்று கணித்தார்கள். கென்யக் குடும்பங்களில் அது 2 சதவீதம். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் பலன் இன்னும் அதிகம்.

கேரளக் கடற்கரை இன்னொன்று. 1997 முதல் 2001 வரை அங்கே செல்பேசி படிப்படியாக வந்த காலத்தை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். அதற்கு முன்பு ஒரு கரையில் மத்தி வாங்க ஆளில்லாமல் கொட்டப்படும், கொஞ்ச தூரத்தில் இன்னொரு கரையில் மீனே கிடைக்காது. போன் வந்ததும் படகிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் பலன் வந்த அபூர்வமான கணக்கு இது. அங்கே அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பேசினால் போதும்.

ஜூன் 9

எம்-பெசா பற்றி எழுதிய பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதை "போன் செய்த சாதனை" என்று படித்துவிடக் கூடாது. கையில் இருக்கும் ரொக்கத்தைப் போனுக்குள் போடவும் வெளியே எடுக்கவும் ஏஜென்ட் வேண்டும். பெரும்பாலும் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள்தான் ஏஜென்ட் ஆனார்கள். ரொக்கத்தை வாங்கி, போனில் ஏற்றி, செய்தி வந்ததா என்று வாடிக்கையாளரைப் பார்க்கச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். முதல் தடவை வந்தவருக்கு எந்த எண்ணை அழுத்துவது என்று காட்டிக்கொடுத்ததும் அவர்கள்தான். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கமிஷன் உண்டு, அதனால் பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள்.

சூரியும் ஜாக்கும் அளந்ததே அதைத்தான். ஒரு குடும்பத்துக்கு அருகில் எத்தனை ஏஜென்ட்கள் கூடினார்கள் என்பதை வைத்துத்தான் அவர்கள் பலனைக் கணக்கிட்டார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த 1,94,000க்குப் பின்னால் இருப்பது ஏஜென்ட்களின் நெருக்கம்.

ஜூன் 12

எஸ்டோனியாவை ஒருவர் இழுத்திருக்கிறார், நல்லது. 13 லட்சம் பேர் வாழும் நாடு. 2001இல் அரசுத் துறைகளின் தரவுத்தளங்களை இணைக்கும் எக்ஸ்-ரோடு, 2002இல் மின்னணு அடையாள அட்டை, 2005இல் இணைய வழி வாக்குப்பதிவு. அரசு ஒரு முறை கேட்டு வாங்கிய விவரத்தை மறுபடி கேட்கக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் வரிசையைப் பாருங்கள். எக்ஸ்-ரோடுக்கு முன்னால், 1996இலேயே, பள்ளிகளுக்குக் கணினியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கும் புலிப் பாய்ச்சல் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. 2001இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பணம் போட்டு, சில வருடங்களில் ஏறத்தாழ 1 லட்சம் வயது வந்தோருக்குக் கணினியும் இணையமும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நாட்டின் வயது வந்தோரில் அது பத்தில் ஒருவர். தென் கொரியாவும் அப்படித்தான். 2000இல் 1 கோடி மக்களுக்கு இணையப் பயிற்சி என்று இறங்கியது, அதில் இல்லத்தரசிகளையும் முதியவர்களையும் குறிப்பாகச் சேர்த்தது.

மற்ற நாடுகள் எஸ்டோனியாவுக்குக் குழு அனுப்பி எக்ஸ்-ரோடைப் பார்த்துவிட்டு வருகின்றன. அந்த 1 லட்சம் பேரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தவர்களையும் கேட்டுவிட்டு வர வேண்டும்.

ஜூன் 13

"அப்படியானால் எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்துவிடலாமே" என்பதற்குச் சுருக்கமாக: பெரு நாடு கொடுத்தது, 8 லட்சத்துக்கும் மேல். கிராமப்புறப் பள்ளிகளில் 15 மாதம் கழித்துப் பார்த்தபோது கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை என்று 2012இல் வந்த ஆய்வு சொல்கிறது. உருகுவேயும் 2007இல் தொடங்கி எல்லா அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கும் கொடுத்தது. அதற்கு மேல் ஒரு படி போனது. ஆங்கில ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளில் வகுப்பறைத் திரையில் தொலைவிலிருந்து ஒரு ஆசிரியர் பாடம் எடுப்பார், வகுப்பாசிரியர் குழந்தைகளோடு நின்று பயிற்சி செய்ய வைப்பார். லேப்டாப் ஒன்று, ஆசிரியர் இருவர்.

ஜூன் 17

விவாதம் வேறு பக்கம் போயிருக்கிறது, போகட்டும், முக்கியமான பக்கம்தான். "மனிதர் இருந்தால் லஞ்சம், தாமதம், சாதி பார்த்து நடத்துவது. கணினிக்கு அதெல்லாம் கிடையாது" என்று எழுதியவரின் கோபம் எனக்குப் புரிகிறது. இடைத்தரகர் கை வைக்காமல் பணம் நேராகக் கணக்கில் விழுவது ஏழைக்குப் பெரிய விடுதலை. கவுன்டரில் எரிந்து விழுபவரைப் பார்த்து நடுங்கி நின்றவர்களுக்கு ஆன்லைன் படிவம் மரியாதையைக் கொடுத்திருக்கிறது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் மனிதரை அடியோடு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலிய அரசின் ரோபோடெட் என்ற தானியங்கிக் கடன் வசூல் திட்டம் இருக்கிறது. 2016இல் தொடங்கியது. உதவித்தொகை வாங்கியவரின் வருடாந்திர வருமானத்தை வரித்துறையிடம் வாங்கி, அதை இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்துவிடும். ஒருவர் வருடத்தில் பாதி வேலையில் இருந்து, மீதிப் பாதி வேலையில்லாமல் உதவி வாங்கியிருந்தால், உதவி வாங்கிய மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் வந்ததாக இயந்திரம் காட்டும். உடனே கடன் பாக்கி என்று கடிதம் போகும். பாக்கி இல்லை என்று நிரூபிப்பது கடிதம் வாங்கியவரின் வேலை, அதுவும் பழைய சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டு. முன்பெல்லாம் இப்படி ஒரு முரண்பாடு வந்தால் ஒரு அலுவலர் எடுத்துப் பார்த்து விசாரிப்பார். அந்த இடத்தில்தான் ஆளை எடுத்தார்கள். கடைசியில் 2020இல் 4.7 லட்சம் கடன்களைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது, தொகை 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. இணையம் நன்றாகப் பரவிய பணக்கார நாட்டில் நடந்தது இது.

லஞ்சம் வாங்கும் மனிதரை எடுங்கள், உதவும் மனிதரை வையுங்கள். இரண்டு வேலையையும் ஒரே நாற்காலி என்று நினைத்து வெட்டக் கூடாது.

ஜூன் 18

காகித வழி எதற்கு என்பதற்கு இன்னொரு காரணம்: 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா நாட்டை வெளியுலகோடு இணைக்கும் கடலடிக் கேபிள் அறுந்தது. சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது.

ஜூன் 20

மொழி பற்றி யாருமே பேசவில்லை, எனக்கு ஆச்சரியம். அரசு தகவல் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும் வழி இன்னமும் குறுஞ்செய்திதான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் மாதிரி எழுத்துகளுக்கு 70 இடம்தான், நீளமாகித் துண்டுகளாகப் போனால் துண்டுக்கு 67. அதிலும் நாம் ஒரு எழுத்து என்று பார்ப்பது கணினிக்கு ஒன்று இல்லை. "விண்ணப்பம்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. உள்ளே வகரம், இகரக் கொக்கி, ணகரம், புள்ளி என்று பிரித்துப் பத்து இடம் பிடிக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போவது தமிழில் மூன்று செய்திகூட ஆகலாம், அப்போது கட்டணமும் மூன்று. செலவைப் பார்த்து ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுகிறார்கள். அல்லது தமிழை ஆங்கில எழுத்தில். உதவி மேசைக்கு வருகிறவர்களில் பலர் நீட்டுவது அந்தச் செய்தியைத்தான், "இதுல என்ன போட்டிருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று.

குரலில் அனுப்பலாம். கேரள மீனவர்கள் பற்றி 8ஆம் தேதி எழுதியதை இங்கே பொருத்திப் பாருங்கள். படிக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில்தான் போன் உடனே பலன் கொடுத்தது.

ஜூன் 24

உதவி செய்யும் ஆள் வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அந்த ஆளிடம் என்னவெல்லாம் போய்ச் சேருகிறது தெரியுமா? பாஸ்வேர்டு, ஓ.டி.பி., கணக்கு இருப்பு, நோய் விவரம். பலர் ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து முழுசாக என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் திருப்பிக் கொடுத்து, அவர்களையே அடிக்கச் சொல்வேன். பத்து பேர் வரிசையில் நின்றால் எவ்வளவு பேரால் அந்தப் பொறுமையைக் காக்க முடியும்? கட்டணம் வாங்கிப் பிழைக்கும் சேவை மையம் என்றால் வேகம்தான் வருமானம். பங்களாதேஷ் 2010 நவம்பரில் 4,501 யூனியன்களில், அதாவது கிராமப்புற உள்ளாட்சிப் பகுதிகளில், சேவை மையங்களைத் திறந்தது. மையத்துக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்று இருவர், வருமானம் கட்டணத்திலிருந்து. பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்று வைத்தது மிகச் சரி, அந்த அம்மா மகனுக்காகக் காத்திருந்ததை நினைக்கும்போது இன்னும் சரி. ஆனால் கட்டணத்தை மட்டும் நம்பிய மையம், காசு கொடுக்க முடியாதவரை எத்தனை நாள் உட்கார வைத்துச் சொல்லித்தரும்?

டென்மார்க் இதற்குச் சட்டபூர்வமான வழி வைத்திருக்கிறது. 2014 நவம்பரிலிருந்து அங்கே அரசுக் கடிதங்கள் எல்லாம் அரசின் டிஜிட்டல் அஞ்சல் பெட்டிக்குத்தான் வரும், முடியாதவர்கள் விலக்குக் கேட்டுக் காகிதத்தில் பெறலாம். அத்தோடு, என் சார்பில் இன்னார் இந்த வேலையைச் செய்யலாம் என்று டிஜிட்டல் அதிகாரப் பத்திரம் கொடுக்கவும் வழி உண்டு. உதவுபவர் தன் பெயரிலேயே உள்ளே நுழைவார், அடுத்தவரின் பாஸ்வேர்டைத் தொட வேண்டாம். யார் எதைச் செய்தார்கள் என்பதும் தெளிவாக இருக்கும். நோட்டுப் புத்தகத்துக்கு இதுதான் மாற்று.

ஜூன் 30

"சரி, சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் பலன் வந்ததா என்று எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. எத்தனை கிலோமீட்டர் கேபிள், எத்தனை பேர் ஆப்பைத் தரவிறக்கினார்கள் என்ற எண்களை வைத்து இதைச் சொல்ல முடியாது. பிரிட்டனில் ஒவ்வொரு டிஜிட்டல் சேவையும் நான்கு எண்களை வெளியிட வேண்டும் என்று வைத்தார்கள். ஒரு பரிமாற்றத்துக்கு ஆகும் செலவு, பயனாளரின் திருப்தி, தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை சதவீதம் பேர் ஆன்லைனில் வந்தார்கள். ஆன்லைனில் தானாகச் செய்ய முடியாதவருக்கு உதவி ஏற்பாடு செய்வதும் சேவையைக் கட்டும் குழுவின் பொறுப்பு என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த நான்கில் மூன்றாவதை நான் முதலில் பார்ப்பேன், பக்கம் வாரியாக. எந்தப் பக்கத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று அது காட்டிவிடும், ஓ.டி.பி. பக்கம் உட்பட. கூடவே இன்னும் இரண்டு எண் வேண்டும்: ஆன்லைனில் முயன்று முடியாமல் கவுன்டருக்கு வந்தவர்கள் எத்தனை பேர், அங்கிருந்தும் வேலை முடியாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர். முதல் எண் குறைந்துகொண்டே வந்து, இரண்டாவது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால், கவுன்டர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றி அப்போது பேசலாம், நானே ஆதரிப்பேன். எந்தச் சேவையாவது இந்த இரண்டையும் மாதாமாதம் வெளியிடுகிறது என்று தெரிந்தவர்கள் இங்கே போடுங்கள்.